தொலைவில் உள்ள லேப்டாப்பை நெட்வொர்க் பாதுகாப்புச் சேவையிலிருந்து முறையாக நீக்க: புதிய அட்மின்களுக்கு ஒரு வழிகாட்டி

கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு லேப்டாப்பைப் பாதுகாப்புச் சேவையிலிருந்து எடுக்கும் வேலை முதலில் என்னிடம் வந்தபோது, உதவிப் பக்கத்தில் இருந்தது மூன்றே வரி. பட்டியலைத் திறக்க வேண்டும், சாதனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நீக்கு என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால் பெயர் மறைகிறது. மறுநாள் பார்த்தால் அதே பெயர் பட்டியலில் திரும்ப வந்து நிற்கிறது. இல்லையென்றால், லேப்டாப்பை வைத்திருப்பவர் இணையமே வரவில்லை என்று போன் செய்கிறார். ஏன் இப்படி ஆகிறது, எதை எந்த வரிசையில் செய்தால் ஆகாது என்பதை நான் அங்கங்கே தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

விபிஎன், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) வடிகட்டி, கிளவுட் ப்ராக்ஸி, ஜீரோ டிரஸ்ட் என எந்தப் பெயரில் சேவை இருந்தாலும் இது பொருந்தும். மெனுக்களின் பெயர்கள் மாறும், அடிப்படை வேலை மாறாது. ஒரு சாதனம் இந்தச் சேவையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கன்சோலில், அதாவது அட்மினின் நிர்வாகப் பக்கத்தில், ஒரு பதிவு இருக்கிறது. லேப்டாப்பில் ஏஜென்ட் என்ற மென்பொருளும் அது மாற்றி வைத்த செட்டிங்குகளும் இருக்கின்றன. ‘நான்தான் அந்தச் சாதனம்’ என்று காட்டும் சாவியோ சர்டிஃபிகேட்டோ டோக்கனோ தனியாக இருக்கிறது. கன்சோலில் நீக்கு என்று அழுத்தும்போது பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் போகிறது. மற்ற இரண்டையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

1. எந்த வகை நீக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சாதனம் நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கிறது, அவர் ஒத்துழைப்பார் என்றால், முதலில் லேப்டாப்பைச் சுத்தம் செய்து, கன்சோல் பதிவைக் கடைசியில் எடுங்கள். தொலைந்துவிட்டது, திருடுபோய்விட்டது, வைத்திருப்பவர் போனை எடுப்பதில்லை என்றால் வரிசை மாறும்: முதலில் நுழைவைத் துண்டியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அதைக் கடைசித் தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. லேப்டாப் அதே நிறுவனத்தில் இன்னொருவருக்குப் போகிறது, அவ்வளவுதான் என்றால் அதை நீக்கவே வேண்டியதில்லை. பயனரை மட்டும் மாற்றினால் போதுமா என்று சேவையின் அமைப்பில் பாருங்கள். நிறையப் பேர் தேவையில்லாமல் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறார்கள்.

2. நீக்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். பதிவு போன பிறகு இவற்றில் பலவற்றைத் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் அன்இன்ஸ்டால் பாஸ்வேர்ட். பயனர் தானாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல ஏஜென்டுகள் ஒரு பாஸ்வேர்டோ ஒருமுறைக் குறியீடோ கேட்கும். சில சேவைகளில் அது சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும், அந்தச் சாதனத்தின் பக்கத்தில்தான் தெரியும். பதிவை முதலில் நீக்கிவிட்டால் பக்கமும் போய்விடும், குறியீடும் போய்விடும். ஏஜென்ட் லேப்டாப்பில் பூட்டியபடி உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது டிஸ்க் ரெக்கவரி கீ. விண்டோஸ் லேப்டாப்பின் பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) கீ, நிறுவனக் கணக்குகளையும் சாதனங்களையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் சேமிக்கப்பட்டிருந்தால், அங்கே சாதனப் பதிவை நீக்கும்போது கீயும் சேர்ந்து போகும். பிறகு ஒருநாள் அந்த லேப்டாப் நீலத்திரையில் கீ கேட்டால் உள்ளே இருக்கும் தரவை மீட்க வழியில்லை. முன்கூட்டியே நகலெடுத்துப் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் வையுங்கள். மெயிலில் அனுப்பி வைக்காதீர்கள்.

சீரியல் நம்பர், ஹோஸ்ட்நேம் (கணினியின் பெயர்), பயனர் பெயர், கன்சோல் தரும் சாதன எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்நேமை மட்டும் நம்ப வேண்டாம். லேப்டாப்பை ஃபார்மட் செய்து மறுபடி சேர்த்திருந்தால் ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கும், அதில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். வைஃபை மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்து அடையாளம் காண்பதும் சரிவராது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்தே போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு முகவரியைக் காட்டுகின்றன. விண்டோஸிலும் அந்த வசதி உண்டு. கடைசியாக எப்போது இணைந்தது என்ற நேரத்தையும் சீரியல் நம்பரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

அப்புறம் லாக். அந்தச் சாதனத்தின் நடவடிக்கைப் பதிவுகள் பின்னால் தணிக்கைக்கோ விசாரணைக்கோ தேவைப்படலாம் என்றால் இப்போதே ஏற்றுமதி செய்துவிடுங்கள். பதிவு போனபின் லாக் இருந்தாலும், அதில் பெயருக்குப் பதில் வெறும் எண் மட்டும் தெரியும் நிலை வரலாம். கடைசியாக எழுத்துப்பூர்வமான ஒப்புதல்: யார் நீக்கச் சொன்னார், எப்போதிலிருந்து என்று ஒரு மெயில் அல்லது டிக்கெட். வாய்வார்த்தையை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம்.

3. அந்தச் சாதனத்தை நம்பி வேறு எது ஓடுகிறது?

லேப்டாப் என்றால் இது சீக்கிரம் முடியும். கிளை அலுவலகத்தில் மூலையில் இருக்கும் சின்னப் பெட்டி என்றால் கவனம் தேவை. டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகளில் ஒரு கணினி தனக்குப் பின்னால் உள்ள மொத்த நெட்வொர்க்குக்கும் வழியாக இருக்கலாம். அதை எடுத்தால் பிரிண்டர், கேமரா, சர்வர் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும். அந்தச் சாதனத்தின் ஐபி முகவரியை ஏதாவது ஃபயர்வால் விதியில் அனுமதித்திருக்கிறீர்களா, பேக்கப் அதன் வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் எந்த வழியாக அந்தச் சாதனத்துக்குள் நுழையப் போகிறீர்கள்? நீக்கப்போகும் விபிஎன் வழியாகவே ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து, அதே விபிஎன்னை அன்இன்ஸ்டால் செய்வது நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கதை. பாதியில் இணைப்பு அறுந்துவிடும், ஏஜென்ட் அரைகுறையாக நிற்கும். அந்தச் சேவையைச் சாராத இன்னொரு வழி வேண்டும். அது கிடையாது என்றால், எதிர்முனையில் ஒரு ஆள் போனில் இருக்க வேண்டும்.

4. திரும்பச் சேரும் வழியை அடைத்துவிடுங்கள்

நீக்கிய பெயர் திரும்ப வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஏஜென்ட் இன்னும் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, சேவையில் சேரக் கொடுத்த சேர்க்கைச் சாவியும் அதனிடம் இருக்கிறது. கன்சோல் தன்னை மறந்துவிட்டது என்று தெரிந்ததும் அது புதிதாகப் பதிவு செய்துகொள்கிறது.

கிளவுட்ஃப்ளேர் ஜீரோ டிரஸ்ட்டில் ஒரு சாதனத்தை ரத்து செய்தாலும், அந்தப் பயனருக்குச் சேர்க்கை விதியில் அனுமதி இருக்கும்வரை அவர் மறுபடி உள்நுழைந்து சேரலாம். விதியையும் மாற்ற வேண்டும். டெய்ல்ஸ்கேலில் பலமுறை பயன்படுத்தும் சேர்க்கைச் சாவியை ரத்து செய்தால் இனிப் புதிதாக யாரும் அதை வைத்துச் சேர முடியாது, ஆனால் ஏற்கெனவே சேர்ந்த சாதனங்கள் அப்படியே இருக்கும். சாதனத்தை மட்டும் நீக்கினால் சாவி உயிரோடு இருக்கும். இரண்டையும் செய்ய வேண்டும்.

நீங்களே நடத்தும் விபிஎன் என்றால் இன்னும் கொஞ்சம் நுணுக்கம்.

வயர்கார்டு என்ற விபிஎன்னில் சர்டிஃபிகேட், காலாவதி என்று எதுவும் கிடையாது. சர்வரில் அந்தச் சாதனத்தின் பொதுச் சாவி இருந்தால் வழி திறந்திருக்கிறது, இல்லையென்றால் மூடியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இடைமுகத்திலிருந்தும் (சர்வரில் இப்போது இயங்கும் விபிஎன் இணைப்பு) எடுக்க வேண்டும், கான்ஃபிக் கோப்பிலிருந்தும் எடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் கோப்பிலிருந்து திரும்பி வந்துவிடும். கோப்பில் ‘சேவ் கான்ஃபிக்’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் தலைகீழ்ச் சிக்கல்: இடைமுகத்தை நிறுத்தும்போது அது தற்போதைய நிலையைக் கோப்பின் மேல் எழுதிவிடும், நீங்கள் கையால் செய்த திருத்தம் காணாமல் போகும். அப்படியானால் ஓடும் இடைமுகத்திலிருந்து முதலில் எடுத்து, பிறகு சேமியுங்கள்.

ஓப்பன்விபிஎன்னில் பயனரின் கோப்பை அழிப்பதால் எதுவும் நடக்காது. சர்டிஃபிகேட்டை ரத்து செய்து, ரத்துப் பட்டியலைப் புதிதாக உருவாக்கி, சர்வரில் கொண்டுபோய் வைத்து, சர்வர் அந்தப் பட்டியலைப் படிக்கும்படி கான்ஃபிக்கில் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி இல்லாத சர்வரில் எத்தனை முறை ரத்து செய்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும். இங்கே காலக்கெடு இரண்டு இடத்தில் வருகிறது. ஏற்கெனவே இணைந்திருப்பவர் உடனே வெளியேற மாட்டார். வழக்கமான அமைப்பில் 3600 விநாடிக்கு ஒருமுறை சாவி மாற்றம் நடக்கும்போதுதான் பட்டியல் மறுபடி பார்க்கப்படும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் அந்த இணைப்பைக் கையால் துண்டியுங்கள். இரண்டாவது, ரத்துப் பட்டியலுக்கே ஒரு ஆயுள் உண்டு. சர்டிஃபிகேட்டுகளை உருவாக்கும் ஈஸி-ஆர்எஸ்ஏ கருவி அதை 180 நாளுக்கு என்று வைத்திருக்கிறது. அது காலாவதியானால் நல்ல சர்டிஃபிகேட் வைத்திருப்பவர்கள் உட்பட ஒருவரும் இணைய முடியாது. இன்று ஒருவரை நீக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து எல்லாரும் வெளியே நிற்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. பட்டியலை உருவாக்கிய அன்றே காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள்.

எல்லாச் சாதனங்களும் ஒரே பகிர்வுச் சாவியைப் பயன்படுத்தும் பழைய ஐபிசெக் விபிஎன் அமைப்பு என்றால் ஒருவரை மட்டும் நீக்க வழியே இல்லை. சாவியை எல்லாருக்கும் மாற்ற வேண்டும். அதற்கான நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

பயனர் கணக்கையும் மூட வேண்டிய நிலை என்றால் டோக்கன் ஆயுளைக் கணக்கில் எடுங்கள். என்ட்ராவில் அணுகல் டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் வரை செல்லும். கணக்கை முடக்கிய அடுத்த நிமிடமே எல்லாம் நின்றுவிட்டது என்று யாருக்கும் உறுதி கொடுத்துவிடாதீர்கள். திறந்திருக்கும் அமர்வுகளையும் சேர்த்து ரத்து செய்யுங்கள்.

5. லேப்டாப்பிலிருந்து ஏஜென்டை எடுப்பது

முதல் வேலை லேப்டாப்பில் இல்லை. ஏஜென்டை அனுப்பி நிறுவியது எது என்று பாருங்கள். இன்டியூன் போன்ற சாதன மேலாண்மையோ விண்டோஸின் குரூப் பாலிசியோ அதைக் கட்டாய மென்பொருளாக வைத்திருந்தால், நீங்கள் எடுத்தாலும் அடுத்த சோதனையில் அது மறுபடி நிறுவிவிடும். அந்த ஒதுக்கீட்டிலிருந்து சாதனத்தை முதலில் விலக்கி, விலக்கியது லேப்டாப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயனரோடு ஒரு நேரம் பேசி வையுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். ஹோட்டல், விமான நிலைய வைஃபையில் வேண்டாம். செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதி முன்னாலேயே அவருடைய போனுக்கு அனுப்பிவிடுங்கள். லேப்டாப்பில் இணையம் நின்றுபோனால் மெயிலில் அனுப்பிய குறிப்பு அவருக்கு எட்டாது. அட்மின் உரிமை இல்லாத பயனர் என்றால் அதற்கும் முன்னேற்பாடு வேண்டும்.

எடுத்து முடித்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட். அதன்பிறகு பார்க்க வேண்டியவை:

டிஎன்எஸ் முகவரி. டிஎன்எஸ் வடிகட்டும் ஏஜென்டுகள் சில, நெட்வொர்க் அடாப்டரின் டிஎன்எஸ்ஸை 127.0.0.1 (லேப்டாப் தன்னையே குறிக்கும் முகவரி) என்று மாற்றி, எல்லாக் கேள்விகளும் தன் வழியாகப் போகும்படி வைக்கும். எடுக்கும்போது பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அன்இன்ஸ்டால் பாதியில் நின்றால் முகவரி அப்படியே தங்கிவிடும். கேட்க ஆளில்லாத முகவரியில் லேப்டாப் கேட்டுக்கொண்டே இருக்கும். வைஃபை முழுதாக இருந்தும் ஒரு தளமும் திறக்காது. ‘இணையம் வரவில்லை’ என்ற போன் வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். தானியங்கி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ப்ராக்ஸி அமைப்பு. தானியங்கிப் ப்ராக்ஸிக் கோப்பின் முகவரி சிஸ்டத்திலோ பிரவுசரிலோ தங்கியிருக்கலாம். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஏதாவது சேர்த்திருந்தால் அதையும் எடுங்கள். ஆப்பிள் மேக் லேப்டாப் என்றால் கான்ஃபிகரேஷன் புரொஃபைலும் நெட்வொர்க் எக்ஸ்டென்ஷனும் தனித்தனியாக இருக்கும். செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டால் புரொஃபைல் போகாது.

ரூட் சர்டிஃபிகேட். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். குறியாக்கம் செய்த இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் சேவைகள், லேப்டாப்பில் தங்கள் ரூட் சர்டிஃபிகேட்டை நம்பகமானதாகச் சேர்க்கின்றன. ஏஜென்ட் போனாலும் அந்த நம்பிக்கை தானாகப் போகாது. லேப்டாப் பயனருக்கே சொந்தமாகப் போகிறது என்றால், அவருடைய சொந்த வாழ்க்கையின் இணைப்புகள் முழுவதும் நிறுவனத்தின் சர்டிஃபிகேட்டை நம்பும் ஒரு லேப்டாப்பில் நடக்கும். அது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை. சிஸ்டத்தின் சர்டிஃபிகேட் பெட்டகத்தில் பார்த்து எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிப் பெட்டகம் உண்டு, அதையும் திறந்து பாருங்கள்.

6. இப்போது கன்சோல் பதிவு

இந்த இடத்துக்கு வந்தபின் வேலை எளிது. ஆனால் பொத்தான்களின் பெயரைக் கவனியுங்கள். முடக்கு, ரத்து செய், நீக்கு, கட்டாயமாக நீக்கு என்பவை ஒன்றல்ல. சில சேவைகளில் சாதாரண நீக்கம் என்பது சாதனத்துக்கு ஒரு கட்டளை அனுப்புவது மட்டும்தான். அது அடுத்து ஆன்லைனில் வரும்வரை ‘நிலுவை’ என்றே காட்டும். இனி வரவே போகாத சாதனத்துக்குத்தான் கட்டாய நீக்கம்.

முடக்கும் வசதி இருந்தால் முதலில் முடக்கி, சில நாள் விட்டு, யாரும் கத்தவில்லை என்றால் நீக்குங்கள். அவசரம் இல்லாத எல்லா நீக்கத்துக்கும் இதையே செய்யச் சொல்வேன்.

லேப்டாப் அல்லாமல் ரவுட்டர், அக்சஸ் பாயின்ட் போன்ற பெட்டி என்றால் இன்னொரு படி இருக்கிறது. மெராக்கி பெட்டிகளை நெட்வொர்க்கிலிருந்து எடுத்தால் அது நிறுவனத்தின் இருப்புப் பட்டியலுக்குத்தான் போகும். அங்கிருந்தும் உரிமையை விடுவித்தால்தான் வாங்கியவர் தன் கணக்கில் சேர்க்க முடியும். ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் (நிறுவனங்கள் தங்கள் ஆப்பிள் சாதனங்களை நிர்வகிக்கும் தளம்) இருக்கும் சாதனங்களும் அப்படித்தான். விடுவிக்காமல் கொடுத்துவிட்டால், புதியவர் ஃபார்மட் செய்து திறக்கும்போது உங்கள் நிறுவனத்தின் பெயரோடு சேர்க்கைத் திரை வந்து நிற்கும்.

7. லைசென்ஸும் செலவும்

சாதனத்தை நீக்கியதால் பில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல சேவைகள் பயனர் கணக்கில்தான் பணம் வாங்குகின்றன. கிளவுட்ஃப்ளேர் ஜீரோ டிரஸ்ட்டில் சீட் (பணம் கட்டும் உரிம இடம்) என்பது பயனருக்கு, சாதனத்துக்கு அல்ல. சாதனத்தை ரத்து செய்தாலும் பயனரைச் சீட்டிலிருந்து எடுக்கும்வரை அது நிரம்பியே இருக்கும். ஆண்டு ஒப்பந்தம் என்றால் எண்ணிக்கையைப் புதுப்பிக்கும்போதுதான் குறைக்க முடியும், அதற்கும் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். ஒப்பந்தத்தை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். தேதி தவறினால் இன்னொரு ஆண்டுக்கும் காலி சீட்டுக்குப் பணம் போகும்.

லாக் ஏற்றுமதியைச் சேமிக்கும் இடம், சாதனத்தைத் திருப்பி அனுப்பும் கூரியர், அதன் காப்பீடு ஆகியவற்றை யார் தருவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பேட்டரி உள்ள பொருள் என்பதால் சில கூரியர்கள் தனிப் பேக்கிங் கேட்பார்கள்.

8. போய்விட்டதா என்று சரிபார்ப்பது

பட்டியலில் பெயர் இல்லை என்பது போதாது. வயர்கார்டு என்றால் சர்வரில் அந்தச் சாவி இருக்கிறதா, கடைசிக் கைகுலுக்கல் (ஹேண்ட்ஷேக், இரு முனையும் இணைந்துகொண்டது) நேரம் ஏதாவது காட்டுகிறதா என்று பாருங்கள். டிஎன்எஸ் சேவை என்றால் லாகில் அந்தப் பயனர் பெயரைத் தேடுங்கள். முடிந்தால் பயனரையே ஒருமுறை இணைய முயலச் சொல்லி, மறுக்கப்பட்டதை லாகில் பார்த்துவிடுங்கள். இதைவிட நல்ல சான்று கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்ப்பது நல்லது. விடுமுறையில் மூடிக் கிடந்த லேப்டாப் திறக்கும்போதுதான் சில பெயர்கள் திரும்ப வரும்.

9. சாதனம் தொலைந்துபோனால்

இங்கே வரிசை வேறு. பயனரின் அமர்வுகளை ரத்து செய்து, பாஸ்வேர்டை மாற்றி, சாதனத்தின் சாவியையோ சர்டிஃபிகேட்டையோ உடனே ரத்து செய்யுங்கள். ஒப்புதல் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், போனில் கேட்டுவிட்டுப் பிறகு எழுதி வாங்கலாம்.

அடுத்து, தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளை. இது சாதனம் ஆன்லைனுக்கு வந்தால்தான் போய்ச் சேரும். அதனால் சாதன மேலாண்மைப் பட்டியலிலிருந்து பதிவை அவசரப்பட்டு நீக்காதீர்கள். பதிவு போனால் கட்டளை போகும் வழியும் போய்விடும். அழிந்தது என்ற உறுதி வரும்வரை பதிவு முடக்கிய நிலையில் இருக்கட்டும். அந்த லேப்டாப்பில் சேமித்திருந்த அலுவலக வைஃபை பாஸ்வேர்ட், பொதுவாகப் பயன்படுத்தும் கணக்குகளின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். போலீஸ் புகாரிலும் காப்பீட்டுப் படிவத்திலும் சீரியல் நம்பர் கேட்பார்கள், அதைக் கன்சோலிலிருந்து எடுத்து வையுங்கள்.

பிறகு எப்போதாவது அந்த லேப்டாப் கிடைத்தால் பழைய பதிவை மறுபடி இயக்க வேண்டாம். இடையில் யார் கையில் இருந்தது என்று தெரியாது. முழுதாக அழித்து, புதுச் சாவியோடு புதுச் சாதனமாகச் சேருங்கள்.